முதல் களை

"போதும் போ, நீ களையெடுத்த லட்சணம்! வரப்புக்கு ஏறு!"

வள்ளியாத்தாள் போட்ட சத்தத்தில், வயலில் களையெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் நிமிர்ந்தார்கள்.

புது மருமகள் ராமுத்தாய், பிடுங்கிய கட்டும் கையுமாகத் திகைத்து நின்றாள். பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டத்துப் பெண். அங்கே ஜீப் ஓட்டப் போன மகன் விரும்பிக் கட்டிக்கொண்டு, நல்லேப்பிள்ளிக்குக் கூட்டி வந்தவள். வயலில் இறங்கியதே இன்றைக்குத்தான்.

"நான் என்ன தப்பு செஞ்சேன், அத்தே?"

"எதுத்துப் பேசாத. அதைக் கீழ போட்டுட்டு ஊட்டுக்குப் போ. எருமைக்குத் தண்ணி காட்டு!"

ராமுத்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டே போனாள்.

பக்கத்து வரிசையிலிருந்த மருதாத்தாளுக்கு மனசு பொறுக்கவில்லை. சாயங்காலம் கிணற்றடியில் சொல்ல நல்ல சங்கதி கிடைத்ததில் வாயும் ஊறியது.

"ஏம்புள்ள நெல்லெடுத்தா, உனக்கு ஈவு எரக்கமே இல்லியா?" என்று சேற்றை மிதித்துக்கொண்டு வந்தாள்.

'நெல்லெடுத்தா' என்பது வள்ளியாத்தாளுக்கு ஊரே கூப்பிடும் பேர். நிஜப் பேர் தபால்காரருக்கே மறந்திருக்கும்.

வள்ளியாத்தாள் நின்ற இடத்திலேயே எதையோ காலால் சேற்றுக்குள் அமுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னத்த மறைக்கற?" மருதாத்தாள் கையை விட்டு வெளியே எடுத்தாள்.

மருமகள் போட்டுவிட்டுப் போன கட்டு. அத்தனையும் ஐ.ஆர். எட்டு நெற்பயிர்! அவள் களையெடுத்த வரிசையில், நெல்லைப் போலவே இருக்கும் புல் மட்டும் ஒய்யாரமாக நின்றது.

மருதாத்தாளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அடியே, எல்லாரும் இங்க வந்து பாருங்..."

வள்ளியாத்தாள் சேற்றுக் கையாலேயே அவள் வாயைப் பொத்தினாள்.

"கத்தாத புள்ள! நான் திட்டினது அவளுக்கு நாளைக்கு மறந்துரும். நீங்க பேரு வெச்சா சாகற வரைக்கும் போகாது. நானும் பருத்திக் காட்டுல இருந்து கண்ணாலமாயி வந்தவதான். மொதக் களையில எல்லாரும் களையெடுத்தாங்க, நான் நெல்லெடுத்தேன். 'நெல்லெடுத்தா'ன்னு மொதல்ல கூவினது ஆரு? நீதான?"

மருதாத்தாளுக்குச் சுருக்கென்றது.

"அங்க என்னாச்சு?" அந்தக் கோடியிலிருந்து பெண்கள் கேட்டார்கள்.

"என்னத்தச் சொல்ல! எல்லாம் மாமியாக் கொடுமதான்!" என்று உரக்கச் சொல்லிவிட்டு, மருதாத்தாள் குனிந்து அந்த நெற்பயிரைத் திரும்பச் சேற்றில் ஊன்ற ஆரம்பித்தாள்.