மணமாகாத மகள்

அப்பா கடைசியாக ஒருமுறை கை கொடுக்கிறார், அவ்வளவுதான். வேறொன்றையும் யோசிக்கக் கூடாது என்று சுபத்திரா மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

ஊருக்கு அரசாங்கக் கடிதங்கள் எழுதிக் கொடுக்கும் விதானையார் நவரத்தினம் பேனாவைத் திறந்தார். அவருடைய வீட்டு முன்னறைதான் அலுவலகம் நடக்கும் கந்தோர். தகரக் கூரையில் வெயில் ஏறி, காலையிலேயே அறை வெந்துகொண்டிருந்தது. பக்கத்துக் கதிரையில் சின்னம்மா சிவலட்சுமி நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

அப்பா பொலிஸ்காரர். மன்னாரில் கடமையில் இருந்தபோது கண்ணிவெடியில் செத்துப்போனார். சுபத்திரா அப்போது பள்ளிக்கூடம் சேர்ந்த புதிது. அம்மா இயக்கத்தின் கையிலிருந்த அடம்பனில் தாய்வீட்டுக்குத் திரும்பிப் போய், பொலிஸ்காரனின் பெண்சாதி என்று அக்கம்பக்கத்தில் மூச்சுவிடாமல், சோதனைச்சாவடி தாண்டிப் போய்ப் பென்சன் எடுத்து அவளை வளர்த்தாள்.

கடைசிச் சண்டையில் மாத்தளனில் அம்மாவும் போய்விட்டாள்.

தாயும் இல்லையென்றால் பென்சன் பிள்ளைக்கு. பிள்ளை கலியாணம் கட்டாதவளாக இருக்க வேண்டும். அதை விதானையார் உறுதிப்படுத்த வேண்டும்.

முகாமிலிருந்து நறுவிலிக்குளத்துக்கு வந்த நாள் முதல் அவள் சின்னம்மாவின் சோற்றைத்தான் தின்கிறாள். வயல் இன்னும் பற்றைக்காடு. சித்தப்பா முருங்கனில் நெல் மூட்டை தூக்குகிறார். சின்னம்மா முகம் சுளித்ததே இல்லை. ஆனால் சட்டியின் அடியைச் சுரண்டும் சத்தம் கொட்டிலுக்குள் எங்கே படுத்தாலும் கேட்கும்.

பென்சன் வந்தால் நீ ராசாத்தி மாதிரி இருக்கலாம் என்று சின்னம்மா வரும் வழியெல்லாம் சொன்னாள். வராவிட்டால், நெல் மில்காரரின் தம்பிக்குக் கேட்கிறார்கள். அவருக்கு வயது கொஞ்சம் கூடத்தான், முதல் பெண்சாதி விட்டுவிட்டுப் போனதற்குக் காரணமும் இருக்கத்தான் செய்யும், ஆனால் வீடு கல்வீடு.

"பிள்ளைக்குக் கலியாணம் நடக்கேல்லைத்தானே?" விதானையார் தலை நிமிராமல் கேட்டார்.

சின்னம்மா முந்திக்கொண்டாள். அது ஒன்றுமே இல்லை, இயக்கம் பிடித்துக்கொண்டு போகாமல் இருக்க பங்கருக்குள் வைத்து ஒரு மஞ்சள் கயிறு கட்டினது, ஐயரும் இல்லை, எழுத்தும் இல்லை, அந்தப் பொடியன் இவளை ஒரு நாள்கூட... என்று தொடங்கி, மிச்சத்தை விழுங்கினாள்.

நவரத்தினம் சிரித்துவிட்டார். "அந்த வருசம் வன்னியில ஆடு மாடு மட்டுந்தான் கலியாணம் கட்டேல்லை."

அப்படிக் கயிறு கட்டின எத்தனையோ பெட்டைகளுக்கு மணமாகாதவள் என்று தான் எழுதிக் கொடுத்ததாகச் சொன்னார். பதிவு இல்லாத கலியாணம் கலியாணம் இல்லை. ஆனாலும் பிள்ளை தன் வாயால் ஒருக்கால் சொல்ல வேண்டும், அதுதான் முறை என்றார்.

அவர்கள் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை.

கயிறு கட்டின நிரூபனின் முகம்கூட அவளுக்கு முழுதாக ஞாபகம் இல்லை. அவன் பங்கருக்கு வெளியே சாக்கு விரித்துப் படுத்தான். அவள் உள்ளே அம்மாவோடு. தண்ணீர் கேட்டால்கூட நீங்கள் என்றுதான் கேட்டான். அவனுக்காக அவள் அழுததும் இல்லை. அம்மாவுக்கே அழுது முடிக்கவில்லை.

அவன்மேல் ஒரு விருப்பம், ஒரு சின்ன ஆசை இருந்ததா என்று இந்தச் சில நாட்களாகத் தனக்குள் துழாவிப் பார்த்தாள். இருந்திருந்தால் நல்லதாக இருந்திருக்கும். கைக்கு ஒன்றும் அகப்படவில்லை.

அப்போது வீட்டுக்கு ஒருவர் இயக்கத்துக்குப் போக வேண்டும். கலியாணம் கட்டின பெண்களை விட்டுவிடுவார்கள் என்று ஒரு நம்பிக்கை. அதனால்தான் அம்மா பக்கத்துத் தரப்பாள் கூடாரத்தில் இருந்த தூரத்துச் சொந்தக்காரப் பொடியனைக் கேட்டாள்.

நிரூபன் வீட்டிலிருந்து அவனுடைய அண்ணன் ஏற்கெனவே போய், பெட்டிக்குள் திரும்பி வந்திருந்தான். அந்த வீடு தன் பங்கைக் கொடுத்து முடித்துவிட்டது. நிரூபனை ஒருவரும் தொடமாட்டார்கள். அதை நம்பித்தான் அவனுடைய தாயும் சம்மதித்தாள்.

ஆனால் கலியாணம் கட்டினால் மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து இருப்பதுதான் ஊர் வழக்கம். வராவிட்டால் பொய்க் கலியாணம் என்று பிடித்துவிடுவார்கள். அவன் ஒரு சாரத்தையும் சாக்கையும் சுருட்டிக்கொண்டு வந்தான்.

இயக்கக்காரர் வந்தபோது, இந்த வீட்டிலிருந்து இன்னும் ஒருவரும் வரவில்லையே என்றார்கள்.

அம்மா சுபத்திராவைப் பார்த்தாள். பிறகு, இந்த வீட்டு ஆளாக மருமகன் இருக்கிறார் என்றாள்.

வந்தவர்களில் ஒருவன் நிரூபனிடம் திரும்பி, உண்மையிலேயே நீ இவளைக் கட்டினவன்தானா, இல்லை சும்மா கயிறா என்று கேட்டான். கயிறுதான் என்று அவன் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவனை விட்டுவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு போயிருப்பார்கள்.

கட்டினவன்தான் என்றான். சேட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு அவர்களோடு நடந்தான். அதற்குப் பிறகு அவனைக் கண்டவர் இல்லை.

"சொல்லு பிள்ளை," என்றார் நவரத்தினம்.

சின்னம்மா மேசைக்குக் கீழே அவளுடைய முழங்காலைப் பிடித்து அழுத்தினாள்.

"எழுதாதேங்கோ ஐயா," என்றாள் சுபத்திரா. "நான் கலியாணம் கட்டினனான்."