மஞ்சள் கேசட்டின் மூன்று உயிர்

பழைய சாமான்காரருக்குக் கட்டி வைத்த பெட்டியிலிருந்து, சின்ன வயதில் விளையாடிய மஞ்சள் வீடியோ கேம் கேசட்டை எடுத்தான் இனியன். "ஒரே ஆட்டம். பிடிச்சா வச்சுக்கறேன், இல்லைன்னா எடைக்குப் போட்டுடறேன்" என்றான்.

பக்கத்தில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த செல்போன் கேசட்டிடம் கேட்டது: "என் விளையாட்டெல்லாம் 'வாங்க சார், இன்னைக்குப் பரிசு வாங்கலையா'ன்னு மணிக்கொரு தடவை கூப்பிடும். தோத்தா வழிகாட்டும். நீ என்னய்யா பண்ணுவே?"

"மூணு உயிர் கொடுப்பேன். முதல் பள்ளத்துலயே சாகடிப்பேன்" என்றது கேசட். "ஆனாலும் பள்ளிக்கூடம் விட்டதும் பையைக்கூடக் கழற்றாம என்கிட்டத்தான் ஓடி வருவான். நான் ஒருநாளும் கூப்பிட்டதில்லை."

"அதெல்லாம் அப்போ, பெருசு!"

டிவியோடு இணைத்த பழைய கேம் பெட்டியில் இனியன் கேசட்டைச் செருக, ஆட்டம் தொடங்கியது. முதல் பள்ளத்தில் விழுந்தான். மறுபடியும் விழுந்தான். மூன்றாவது உயிரும் அங்கேயே போனது. செல்போன் சிரிப்பை அடக்க முடியாமல் அதிர்ந்தது.

வெடுக்கென்று கேசட்டை உருவினான் இனியன். எடைக்குத்தான் என்று நினைத்தது கேசட். அந்த நாற்பது வயது ஆளோ அதை வாயருகே கொண்டுபோய், கன்னம் புடைக்க ஊதினான்.

"தூசி! அதான் சரியா தாவ மாட்டேங்குது."

கேசட்டில் ஒரு பொட்டுத் தூசி கிடையாது.

"ஆமாண்டா கண்ணு, உள்ளே ஒரே தூசி" என்றது கேசட்.