மரவட்டை வாங்கிய வண்டி

மரவட்டை பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கக் கிளம்பியது. "தனியாப் போனா எதையாவது தலையில கட்டிடுவாங்க, நீயும் வாடா" என்று நத்தையைக் கூப்பிட்டது.

நத்தைக்கு வயிறு பற்றி எரிந்தது. இத்தனை காலை வைத்துக்கொண்டு இதற்கு வண்டி ஒரு கேடா? எப்படியாவது இதைக் கெடுத்துவிட வேண்டுமென்று மரவட்டையின் முதுகிலேயே ஏறிக்கொண்டு போனது.

கடைக்கார ஓணான் சீட்டைத் தட்டிக் காட்டியது. "டாக்டர் ஓட்டின வண்டி. நாற்பதாயிரம்."

"செயின் தொங்குது" என்றது நத்தை.

ஓணான் தலையாட்டியது. "சரி, முப்பத்தஞ்சு."

நத்தை வண்டிக்கு அடியில் ஊர்ந்து போய்ப் பார்த்தது. "ஆயில் ஒழுகுது. பின் டயர் மொட்டை. சைலன்சர் பூரா துரு. இதையெல்லாம் எவனாவது வாங்குவானா?"

ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிய ஓணானுக்குக் கழுத்தே சுளுக்கிக்கொண்டது. "இருபத்தஞ்சு. ஆளை விடுங்க சாமி!"

"வேண்டாம், வா போகலாம்" என்று நத்தை திரும்புவதற்குள் மரவட்டை பணத்தைக் கொடுத்துவிட்டது. "நீ வரலேன்னா முழுசா நாற்பதும் கொடுத்திருப்பேன்டா. பின்னாடி ஏறு, வீட்டுல விடறேன்."

"எனக்கு நடக்கத்தான் பிடிக்கும்" என்றது நத்தை.

மூன்றாம் நாள் அது வீடு வந்து சேர்ந்தபோது வாசலில் அதே வண்டி நின்றது. மரவட்டைக்குப் பின்னால் பூரான் உட்கார்ந்திருந்தது.

"வந்துட்டீங்களா அண்ணே? எனக்கும் ஒரு வண்டி பார்க்கணும். நீங்க வந்தா கடைக்காரன் பாதி விலைக்கே கொடுத்துடுவானாமே!"