சௌமி ஆன்ட்டியின் உருளைக்கிழங்கு

உள்ளே டப்பென்று ஒரு சத்தம்.

அவள் குனிந்து ஓவன் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். நான்கு உருளைக்கிழங்கில் ஒன்று வெடித்திருந்தது. வெந்த சதை நாலாபுறமும் தெறித்து ஒட்டியிருந்தது.

முள்கரண்டியால் குத்தி ஓட்டை போட்டுவிட்டு வைக்க வேண்டுமாம். இதை யார் அவளுக்குச் சொன்னார்கள்? கிழங்கென்றால் குக்கர். மூன்று விசில். தோலை உரி. பிறந்ததிலிருந்து அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அந்தச் சௌம்யாவுக்கு மட்டும் எல்லாம் தெரிந்திருக்கிறது.

சௌம்யா வேறு யாருமில்லை. இவளை விட்டுப் போன புருஷன் இரண்டாவதாகக் கட்டிக்கொண்டவள். மகள் சஹானாவுக்குச் சௌமி ஆன்ட்டி. மாதத்தில் இரண்டு சனி ஞாயிறு சஹானா அப்பா வீட்டில் இருப்பாள். போன முறை திரும்பி வந்தவள் தோளிலிருந்து பையைக்கூட இறக்கவில்லை.

"அம்மா, சௌமி ஆன்ட்டி ஒரு உருளைக்கிழங்கு செஞ்சாங்க பாரு! முழுசா, தோலோட. உள்ள சீஸு, வெண்ணெய். மேல மொறுமொறுன்னு என்னென்னமோ. நான் ரெண்டு சாப்பிட்டேன்!"

ரெண்டு.

இந்த வீட்டில் ஒரு தோசையை முடிக்க ஒரு மணி நேரம் எடுக்கிற பிள்ளை.

போதாக்குறைக்கு அவன் வாட்ஸப்பில் ஸ்டேட்டஸ் வேறு வைத்திருந்தான். சஹானாவின் வாயெல்லாம் சீஸ். படத்தின் ஓரத்தில் ஒரு கை, பிள்ளையின் கன்னத்தைத் துடைத்துக்கொண்டிருந்தது. அந்தக் கையை அவள் பெரிதாக்கிப் பார்த்தாள். நகமெல்லாம் சுத்தமாகத்தான் இருந்தது. அதுதான் இன்னும் எரிந்தது.

ஆமாம், பொறாமைதான். அதற்கு வேறு நல்ல பெயர் தேடிக்கொண்டிருக்க அவளுக்குப் பொறுமையில்லை. புருஷனை எடுத்துக்கொண்டாள். போகட்டும், விட்டது சனி என்று இவள் இருந்துவிட்டாள். பிள்ளையையும் கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியுமா?

பன்னிரண்டு நாள் துப்பறிந்தாள். தலை பின்னும்போது ஒரு கேள்வி. ஸ்கூட்டரில் போகும்போது ஒரு கேள்வி. கேட்டுவிட்டு, சும்மாதான்டி என்று ஒரு வால். மேலே தூவியது மூன்று ஐட்டம் என்று தெரிந்தது. பொரித்த வெங்காயம், பிரெட் தூள், வெங்காயத்தாள்.

மூன்றுதானே? இவள் ஐந்து போடுவாள்.

கல்யாணத்துக்கு வந்த ஓவன். பதினோரு வருடமாக அப்பளக்கட்டும் முறுக்கு அச்சும் வைக்கிற அலமாரியாக இருந்தது. எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டுத் துடைத்தாள். சூடேறியதும் பழைய அப்பள வாசனை வந்தது. வரட்டும்.

மீதி மூன்று கிழங்கு பிழைத்தன. தோல் சுருங்கிக் காகிதம் மாதிரி ஆகியிருந்தது. பழக்க தோஷம், ஒன்றை உரிக்கப் போய்விட்டாள். சட்டென்று நிறுத்திக்கொண்டாள். நடுவில் கீறி, உள்ளே இருந்ததை வழித்து, வெண்ணெயும் மிளகும் போட்டு மசித்துத் திரும்ப உள்ளேயே அடைத்தாள். மேலே சீஸைத் துருவிப் போட்டு மறுபடி ஓவனுக்குள் தள்ளினாள்.

வெங்காயத்தை மெலிதாக அரிந்து பொரித்தாள். பூண்டைச் சீவிப் பொரித்தாள். கறிவேப்பிலை எண்ணெயில் விழுந்து சடசடவென்று கத்தியது. பிரெட் தூளை நெய்யில் வறுத்தாள். கடைசியாக ஒரு கை ஓமப்பொடி.

போடட்டும் பார்க்கலாம், அந்தச் சௌம்யா ஓமப்பொடி!

வெட்கமாகவும்தான் இருந்தது. முப்பத்தேழு வயதில் ஒரு கிழங்கோடு மல்லுக்கு நிற்கிறாள். ஆனால் நாளைக்குச் சனிக்கிழமை. காலையில் பிள்ளை அங்கே போய்விடுவாள். அதற்கு முன்னால் அவளுக்கு அந்த ஒரு வார்த்தை வேண்டும். இதுதான்மா நல்லா இருக்கு. கேட்டு வாங்கக் கூடாது. பிள்ளை வாயிலிருந்து தானாக வர வேண்டும். அது கிடைத்துவிட்டால், இரண்டு நாள் இந்த வீட்டில் தனியாக இருந்துவிடலாம்.

ஏழரை மணிக்குத் தட்டை ஹாலுக்குக் கொண்டுபோனாள். சஹானா கணக்கு நோட்டை மூடினாள்.

"ஐ! நீயே செஞ்சியாம்மா?"

"பின்ன, ஊர்ல இருக்கறவங்களா வந்து செஞ்சு குடுப்பாங்க?"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். எதிரே உட்கார்ந்தாள். இனி வாயைத் திறப்பதில்லை என்று முடிவு. திறக்கவும் இல்லை. ஆனால் கண்ணை என்ன செய்வது? அது பிள்ளையின் முகத்தைவிட்டு அங்கே இங்கே நகரவில்லை.

சஹானா தட்டைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். மறுபடி தட்டைப் பார்த்தாள்.

ஸ்பூனால் ஒரு ஓரத்தைப் பிட்டு எடுத்தாள். சீஸ் நூலாக இழுத்தது. ஓமப்பொடி இரண்டு கீழே உதிர்ந்தது. உதட்டருகே வைத்து ஊதினாள்.

"சௌமி ஆன்ட்டி செஞ்சதவிட இதுதான்மா நல்லா இருக்கு."

அப்படியே வந்துவிட்டது. ஒரு எழுத்துக் குறையாமல். அவளுக்கு நெஞ்சு குளிர்ந்து போனது. எழுந்து பிள்ளையைக் கட்டிக்கொள்ளக் கையை நீட்டினாள்.

நீட்டிய கை பாதியில் நின்றது.

ஸ்பூன் இன்னும் வாய்க்குள் போகவில்லை.

எட்டு வயதுப் பிள்ளை ஊதிக்கொண்டே இருந்தாள், அம்மாவின் முகம் சரியாகிவிட்டதா என்று பார்த்தபடி.