எந்த மாதிரி?

"'ஒரு மாதிரி'ன்னா எந்த மாதிரி சார்? அதை மட்டும் சொல்லுங்க."

அரவிந்தன் சிவப்புப் பேனாவை மூடி வைத்தான். மதியச் சாப்பாட்டு நேரம். புத்தூரில் பள்ளிக்கூட நோட்ஸ் போடும் அந்தப் பதிப்பகத்தின் மாடியில் அவர்கள் இருவர்தான் இருந்தார்கள். அவன் பிழை திருத்துபவன். எதிரே நிற்கும் கலைமதி, அவன் திருத்தியதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுபவள்.

"நான் தப்பா ஒண்ணும் சொல்லலைங்க..."

"தப்பாச் சொல்லியிருந்தாக்கூடப் பரவாயில்லை, இல்லேன்னு சொல்லியிருப்பேன். என்னைப் பொண்ணு கேட்டிருக்கற ரஞ்சித்தோட அம்மா இங்க வந்து, பொண்ணு எப்படின்னு உங்ககிட்ட விசாரிச்சிருக்காங்க. 'என்னத்தைங்க சொல்றது, அது ஒரு மாதிரி'ன்னிருக்கீங்க. அவங்க பஸ் ஏறி திருவானைக்காவல்ல இறங்கறதுக்குள்ள அதுக்கு எத்தனை அர்த்தம் முளைச்சிருக்கு தெரியுமா? 'உங்க பொண்ணுக்கு யாரோடயாவது பழக்கமா?'ன்னு எங்கப்பாகிட்டயே கேட்டுட்டாங்க. மூணு நாளா அவர் என் முகத்தைப் பார்க்கலை."

அரவிந்தன் விரலில் ஒட்டியிருந்த சிவப்பு மையைத் தேய்த்தான். அது போகவில்லை.

"நீங்க யாரோடயும் ஒட்டாம, சாப்பாட்டு நேரத்துலகூட புத்தகம் படிச்சுக்கிட்டே இருப்பீங்களே... அதைத்தான் அப்படி..."

"அதுக்குப் பேரு புத்தகம் படிக்கிறது சார்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"போன வாரம் ஏழாம் வகுப்புக் கட்டுரையில 'வானம் ஒரு மாதிரி இருந்தது'ன்னு வந்துச்சே, என்ன செஞ்சீங்க? அதை அடிச்சிட்டு, ஓரத்துல 'எந்த மாதிரி?'ன்னு எழுதினீங்க. மேகமூட்டமா இருந்துச்சா, சிவந்து இருந்துச்சான்னு எழுதினவருக்கு போன் வேற போட்டீங்க. வானத்துக்குக் கொடுத்த மரியாதையில கொஞ்சம் எனக்குக் கொடுத்திருக்கக் கூடாதா?"

"மன்னிச்சிருங்க கலைமதி. அவங்க திடீர்னு வந்து கேட்டதுல... எனக்கு வார்த்தை வரலை."

அவள் குரல் இறங்கியது.

"நானும் அதைத்தான் நினைச்சேன். உங்களுக்குக் கெட்ட எண்ணம் இருக்காதுன்னு ரஞ்சித்துகிட்டயும் சொன்னேன். எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு சார். அவருக்கும்தான். ஆனா அம்மா சொல்லைத் தாண்ட மாட்டார். சாயங்காலம் ஸ்ரீரங்கத்துல வேற பொண்ணு பார்க்கக் கிளம்பறாங்களாம். அதுக்குள்ள நீங்க அவங்கம்மாகிட்ட ஒரு தடவை பேசிட்டா போதும். இப்ப நீங்க பேசுவீங்கன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

பதிலுக்குக் காத்திராமல் எண்ணை அழுத்தினாள். ஸ்பீக்கரைப் போட்டு, போனை அவன் மேசைமீது வைத்தாள். அவன் முகத்தையே நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டு நின்றாள்.

மணி அடித்தது.

அவன் முழங்கால் இடித்துக்கொண்டிருந்த டிராயருக்குள், வெள்ளைத் தாள்களுக்கு அடியில் ஒரு கடிதம் கிடந்தது. 'அன்புள்ள கலைமதி' என்று தொடங்கி, சரியான சொல் அமையாமல் இரண்டு வருடமாக அடித்தும் திருத்தியும் கொடுக்கப்படாமலே போன கடிதம். அன்றைக்குக் கீழே காபிக் கடையில் ரஞ்சித்தின் அம்மா கேட்டபோது அவனுக்கு வார்த்தை வராமல் இல்லை. 'நல்ல பொண்ணு' வந்தது, 'புத்திசாலி' வந்தது, 'நேர்மையானவ' வந்தது. ஒவ்வொன்றையும் மனசுக்குள் அடித்துவிட்டு, பொய் என்று யாராலும் காட்ட முடியாத ஒன்றை, காபி ஆறும்வரை யோசித்து அவன் எடுத்திருந்தான்.

"சொல்லுங்க தம்பி," என்றது ஸ்பீக்கர். "அன்னைக்கு ஏதோ ஒண்ணை மனசுல வெச்சுக்கிட்டுத்தானே அப்படிச் சொன்னீங்க? அது என்னன்னு உடைச்சுச் சொல்லிடுங்களேன்."