கேரலின் எண்

மல்லேஸ்வரத்தில் ஓர் ஆய்வு நிறுவனத்தின் நூலகத்தில் நோராவுக்கு வேலை. அங்குள்ள ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் பதினாறு இலக்கத்தில் ஓர் எண் உண்டு. பெயர் மாறினாலும் வேலை மாறினாலும் அந்த எண் மாறாது. ஆள் இறந்தாலும் வேறு யாருக்கும் போகாது. அந்த எண்களில் வந்து சேரும் ஆய்வுத் தரவுகளைச் சரிபார்த்து, எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுவது அவள் பொறுப்பு.

அன்று காலை வந்திருந்த கோப்பு அவள் தங்கை கேரலின் எண்ணில் இருந்தது. நகரத்துச் சிட்டுக்குருவிகளைக் கணக்கெடுத்துவந்த கேரல் இறந்து இரண்டு வருடமாகிறது.

"யாராவது அவ பாஸ்வேர்டைப் போட்டு உள்ள வந்திருக்காங்களாம்மா?" என்று கணினிப் பிரிவு இளவேனிலிடம் கேட்டாள் நோரா.

இளவேனில் வெகுநேரம் தேடிப் பார்த்தாள். "இல்ல மேடம். அவங்க அக்கவுண்ட் அப்பவே க்ளோஸ் ஆயிடுச்சு. இது எங்கிருந்து வந்துச்சுன்னே தெரியல."

நோரா கோப்பைத் திறந்தாள். இரண்டு வருடமாக ஒரு நாள் விடாமல் கணக்கு இருந்தது. கடைசி வரியில் அன்றைய தேதி. இடம் ஜீவனஹள்ளி, வீட்டுப் பின்வாசல். நேரம் காலை ஆறு பத்து. குருவிகள் நான்கு.

அது உண்மைதான். அந்த நேரத்தில் காபி டம்ளரோடு தன் வீட்டுப் பின்வாசலில் தனியாக நின்று, மதில்மேல் நான்கு குருவிகளை அவள் பார்த்திருந்தாள். கேரல் போன பிறகு அந்த வீட்டில் வேறு யாரும் இல்லை.

அதே வரியின் அடுத்த கட்டத்தில், பார்த்தவர்கள் இரண்டு பேர் என்று இருந்தது.

"ரிஜெக்ட் பண்ணிடவா மேடம்?"

"வேணாம்மா" என்றாள் நோரா. "கணக்கு சரியாத்தான் இருக்கு."