காத்திருப்புப் பாட்டு

சரியாக நாலு மணிக்கு அந்த எண் வந்தது. நான் எடுத்தேன். வழக்கம்போல் கட்.

இதோடு பதினேழு நாள்.

வாழ்க்கை வெறுத்துப்போனவர்கள் பேசுவதற்கான இலவச எண் எங்களுடையது. மொத்தம் ஐந்து நாற்காலி. ஆள் எடுக்கும்வரை அழைப்பவர் காதில் ஒரு பாட்டு ஓடும்.

கரை உன்னைத் தள்ளினால் என்ன, அலையே,
கடல் உன்னைக் கைவிடுமா?

பாட்டுதானே என்று லேசாக நினைக்க வேண்டாம். இந்த இரண்டு வரியால்தான் இன்னும் உயிரோடு இருப்பதாக ஒரு லாரி டிரைவர் என்னிடம் அழுதிருக்கிறார். நானே பல் தேய்க்கும்போது முணுமுணுப்பேன். அதற்குமேல் எனக்கும் தெரியாது. அதற்குள் யாராவது எடுத்துவிடுவோம். முப்பது நொடிக்குள் எடுக்க வேண்டும் என்பது மேடத்தின் கட்டளை. சுவரில் ஒட்டியே வைத்திருக்கிறார்.

எடுத்ததும் கட் பண்ணும் இந்த ஆளுக்கு 'கட் கமிஷனர்' என்று பட்டப்பெயர் வைத்திருந்தோம். வேலைவெட்டி இல்லாத யாரோ என்று எனக்கு எரிச்சல்.

ஐந்து நிமிடத்தில் மறுபடியும் அதே எண். இந்த முறை கட் ஆகவில்லை. வயதான ஒரு அம்மாவின் குரல்.

"கோச்சுக்காதீங்க தம்பி. இப்ப மறுபடி போடுறேன், யாரும் எடுக்காதீங்க. அந்தப் பாட்டை முழுசாக் கேக்கணும்."

சிரிப்பு வந்தது. பாவமாகவும் இருந்தது. மற்ற நால்வருக்கும் கை காட்டினேன்.

அழைப்பு வந்தது. ஒருவரும் எடுக்கவில்லை. திரையில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. அழைப்பின் நீளம் 4:10 என்று காட்டியபோது லைன் தானாக அறுந்தது.

பாட்டு முடிந்தால் லைனும் போய்விடும் என்பது எனக்கே அன்றுதான் தெரியும். யாரையும் அவ்வளவு நேரம் காக்க வைத்ததில்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது முறை அந்த அம்மாவே பேசினார். குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"கடைசியில, 'இன்னும் கொஞ்சம் நீந்து, கரையில் நான் இருக்கிறேன்'னு வருது தம்பி. நல்லாத்தான் இருக்கு. என் பையன் முழுசாக் கேட்டுட்டுத்தான் போயிருக்கான்."

எனக்கு விளங்கவில்லை. அவரே நிதானமாகச் சொன்னார். மகனின் போனைப் போலீஸ் திருப்பிக் கொடுத்துப் பதினேழு நாள் ஆகிறதாம். அதில் அவன் கடைசியாக அழைத்திருந்தது எங்கள் எண்ணைத்தானாம்.

நாலு நிமிடம் பத்து நொடி.